புயலுக்கும் கோடைக்கும் ஒரே வேர்

ஆடி பிறந்துவிட்டால் பண்ருட்டிக்கு மேற்கே உள்ள செம்மண் கிராமங்களில் பகல் பதினொரு மணிக்கு மேல் வாசலில் நிற்க முடியாது. மேலைக்காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கும். காயப்போட்ட வடகம் துணியோடு பறந்து பக்கத்து வீட்டு வேலியில் கிடக்கும். அப்படிப்பட்ட கிராமம் ஒன்றில், 20 சென்ட் மனையின் நடுவே ஓர் ஓட்டு வீடு மொட்டையாக நிற்கிறது. நிழல் என்று சொல்ல அங்கே இருப்பது ஒரே ஒரு முருங்கைதான்.

அந்த வீட்டின் கொல்லைப்புறத்தில் முன்பு ஒரு பலா நின்றது. வீட்டுக்காரர் கல்யாணமான வருஷம் வைத்த மரம். 2011 டிசம்பர் 30 அன்று காலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தது. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்த அந்தக் காலையில், இந்தப் பலாவும் வேரோடு சாய்ந்து மாட்டுக் கொட்டகை மேல் விழுந்தது. உள்ளே கட்டியிருந்த கறவை மாடும் கன்றும் பிழைக்கவில்லை. மரத்தை வைத்தவரும் சில வருஷங்களில் காலமாகிவிட்டார். அவர் மனைவிக்கு இப்போது 68 வயது. புயலுக்குப் பிறகு அந்த மனையில் ஒரு மரமும் வைக்க அவர் சம்மதிக்கவே இல்லை.

இந்த வருஷம் வெளியூர் வேலையை விட்டுவிட்டு மகன் குடும்பத்தோடு ஊர் திரும்பியிருக்கிறார். கோடை முழுக்கப் பிள்ளைகளால் மதியம் வீட்டுக்குள் படுக்க முடியவில்லை.

“நிழலுக்கு நாலு மரம் வைக்கணும்மா. ரோட்டோரமா ஒரு நர்சரியில எட்டடி உயரத்துக்குக் கன்னு வெச்சிருக்கான். ரெண்டே வருஷத்துல நிழல் வந்துடும்ங்கிறான்.”

“வை. வேணாம்னு சொல்லல. ஆனா எது விழாதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வை. இன்னொரு தடவை என்னால பாக்க முடியாதுடா.”

கோடையில் காயாத மரம் எது, புயலில் சாயாத மரம் எது என்று இந்த இதழுக்கு வாசகர்கள் இரண்டு தனித்தனிக் கேள்விகளாக அனுப்புவது வழக்கம். கடலூர் மாவட்டத்தில் இரண்டும் ஒரே கேள்வி. இங்கே மழை குறைவு என்று சொல்ல முடியாது. ஆண்டுக்குச் சராசரியாக 1,200 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ஆனால் அதில் பாதிக்கும் மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையாகவே கொட்டித் தீர்ந்துவிடும். தை முதல் ஆடி வரை மண் வறண்டு கிடக்கும். ஆகவே இங்கே வைக்கும் மரம் ஆறேழு மாதம் தண்ணீர் இல்லாமலும் தாங்க வேண்டும், மண் சேறாக ஊறிய நேரத்தில் வரும் புயலையும் தாங்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை காலை, ஊர்க்காரர் ஒருவரின் டாடா ஏஸ் வண்டியை வாங்கிக்கொண்டு அம்மாவும் மகனும் கிளம்பினார்கள். முதலில் விருத்தாசலம், அங்கிருந்து மகளைப் பார்க்கச் சிதம்பரம், மறுநாள் கடலூர் வழியாக வீடு திரும்புவது என்று திட்டம். போகிற வழியில் நிற்கிற மரங்களையெல்லாம் பார்த்துக்கொண்டே போவது என்றும் முடிவு செய்துகொண்டார்கள்.

விருத்தாசலத்து வன்னி

பண்ருட்டியிலிருந்து மேற்கே போகும் சாலையின் இருபுறமும் முந்திரி. தானேயில் போன கிழட்டுத் தோப்புகள் இருந்த இடத்தில் இப்போது ஒட்டுக் கன்றுகள் வளர்ந்து காய்த்துக்கொண்டிருக்கின்றன. விருத்தாசலத்தில் உள்ள மண்டல ஆராய்ச்சி நிலையம் முந்திரி ரகங்களுக்குப் பெயர் பெற்றது. இந்தச் செம்மண் மேட்டுக்கு முந்திரி நல்ல பயிர்தான். ஆனால் அது தரையோடு தாழ்ந்து படரும் தோப்பு மரம். வாசல் நிழலுக்கு அது சரிப்படாது.

விருத்தகிரீஸ்வரர் கோயிலின் தல மரம் வன்னி. இந்தக் கோயிலைக் கட்டியபோது, வேலை செய்தவர்களுக்கு முனிவர் ஒருவர் வன்னி இலையைக் கூலியாகக் கொடுத்ததாகவும், அவரவர் உழைப்புக்கு ஏற்ப அது காசாக மாறியதாகவும் தலக்கதை சொல்கிறது. அம்மா மரத்தைத் தொட்டுக் கும்பிட்டார். மகன் கிளையையும் இலையையும் பார்த்துவிட்டு, “சீமைக்கருவேல் மாதிரில்ல இருக்கு?” என்றார்.

பலரும் இப்படிக் குழம்புவது உண்டு. இரண்டும் நெருங்கிய உறவுள்ள முள் மரங்கள்தான். ஆனால் சீமைக்கருவேல் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, ஏரி குளங்களை அடைத்துப் பரவுவது. வன்னி நம் நாட்டு மரம், அப்படிப் பரவாது. வன்னியின் முள் சின்னது, கூம்பு போல இருக்கும். சீமைக்கருவேலின் முள் நீளமாகக் காலைத் துளைக்கும்.

ராஜஸ்தான் பாலைவனத்தில் ‘கேஜ்ரி’ என்று கொண்டாடப்படுவதும் இதே வன்னிதான். அது அந்த மாநிலத்தின் மரம். 1730-இல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில், அரண்மனைச் சுண்ணாம்புச் சூளைக்காக வன்னி மரங்களை வெட்ட வந்தபோது, மரத்தைக் கட்டிக்கொண்டு பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அவர்கள் அந்த மரத்தை அவ்வளவு பெரிதாக மதித்ததற்குக் காரணம் உண்டு. மற்ற மரம் காயும் கோடையில் வன்னி தளிர் விடும். அதன் தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். அதன் அடியில் பயிர் கருகாது. அது காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் பயறு வகைக் குடும்பத்து மரம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை அதன் ஆணிவேர். மேலே முழங்கால் உயரம் வளரும் வன்னிக்கன்று, அதற்குள் மண்ணுக்குள்ளே பல மடங்கு ஆழம் இறங்கியிருக்கும். ஆழத்து ஈரத்தை எட்டுகிற வேர்தான் கோடையில் மரத்தைக் காப்பாற்றுகிறது. அதே வேர்தான் புயலில் நங்கூரம் போல மரத்தைப் பிடித்துக்கொள்கிறது. வறட்சிக்கு ஒரு மரம், காற்றுக்கு ஒரு மரம் என்று தனித்தனியாகத் தேட வேண்டியதில்லை. ஆழமாக வேர்விடும் மரத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த வேரை ஆழமாக இறங்கவும் விட்டால் போதும்.

இந்த இரண்டாவது பாதியில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்.

எட்டடிக் கன்றின் குறை

விருத்தாசலத்தை விட்டுக் கிளம்பும்போது நர்சரி ஒன்றில் வண்டியை நிறுத்தினார்கள். எட்டடி உயரக் கன்றுகள் ஒரு பக்கம், ஒன்றரை அடிக் கன்றுகள் ஒரு பக்கம். மகன் உயரமான வேப்பங்கன்று ஒன்றின் பையைச் சற்றுப் பிரித்துப் பார்த்தார். வேர் பைக்குள் சும்மாடு போல வட்டமாகச் சுருண்டிருந்தது. அடியில் பையைக் கிழித்துத் தரைக்குள் போன வேர், கன்றைத் தூக்கும்போதே அறுந்துவிட்டது.

சின்னப் பையில் இரண்டு மூன்று வருஷம் நின்ற கன்று இப்படித்தான் இருக்கும். சுருண்ட வேர் குழியில் வைத்த பிறகும் சுருளாகவே தடிக்கும். ஆணிவேர் இறங்காது. மேலே மரம் செழிப்பாகத் தெரியும். பத்து வருஷம் கழித்து ஒரு நல்ல காற்றில், பானையைத் தூக்கி வைத்தது போல வேர்முண்டோடு பெயர்ந்து விழும்.

வாங்க வேண்டியது ஒன்றரை முதல் இரண்டு அடி உயரம், பென்சில் கனத் தண்டு, ஒரு வயதுக்கு உட்பட்ட கன்று. நடும்போது பையின் அடிப்பாகத்தை ஒரு அங்குலம் வேரோடு சேர்த்து வெட்டி எறிய வேண்டும். பக்கத்தில் வட்டமாக ஓடும் வேர் இருந்தால் இரண்டு மூன்று இடத்தில் கத்தியால் கீறிவிட வேண்டும். குட்டையாக நடப்பட்ட கன்று மூன்று நான்கு வருஷத்தில் உயரமான கன்றைப் பிடித்துவிடும் என்பது மரம் வளர்ப்பவர்கள் பலரும் கண்ட அனுபவம்.

அதைவிட நல்லது, நிற்க வேண்டிய இடத்திலேயே விதை போடுவது. பனைக்கு வேறு வழியே கிடையாது. அதன் முதல் முளை மண்ணுக்குள் ஆழமாக இறங்கிய பிறகே இலை மேலே வரும், பெயர்த்து நட்டால் பிழைப்பது அரிது. பலா, புன்னை, புங்கம், இலுப்பை எல்லாம் நேரடியாக விதைத்தால் ஆணிவேர் அறுபடாமல் இறங்கும். பூவரசை நம் ஊரில் பெரிய போத்து வெட்டி நடுவது வழக்கம். வேலிக்கு அது போதும். ஆனால் போத்தில் வளர்ந்த மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. வீட்டருகே நிழலுக்கு வேண்டுமானால் விதையில் வந்த பூவரசைத்தான் வைக்க வேண்டும்.

தில்லையில் மண் வேறு

சேத்தியாத்தோப்பு தாண்டியதும் மண்ணின் நிறம் மாறியது. செம்மண் போய்க் களிமண் வந்தது. வீராணம் ஏரிப் பாசனமும் கொள்ளிடத்துத் தண்ணீரும் பாயும் நெல் வயல்கள். சிதம்பரத்துக்கு வெளியே வயலை ஒட்டி மகளின் வீடு. மாப்பிள்ளை வீட்டு முன்னால் வைத்த வேம்பு மஞ்சள் பூத்து நின்றது.

“போன கார்த்திகையில பத்து நாள் தண்ணி நின்னுச்சு அத்தை. அதுலேருந்து இப்படித்தான்” என்றார் மருமகன்.

வேம்பு வறட்சியைத் தாங்கும், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. வேருக்கும் மூச்சு வேண்டும். களிமண்ணில் தண்ணீர் நின்றால் காற்றுப் போக இடமில்லாமல் ஆழத்து வேர் அழுகிவிடும். மிஞ்சுவது மேலாகப் பரவிய வேர் மட்டுமே. செம்மண் மேட்டில் அசையாமல் நிற்கிற மரம் இங்கே ஊறிய மண்ணில் சுலபமாகச் சாய்வதற்கு இதுதான் காரணம். பண்ருட்டிப் பட்டியலை அப்படியே சிதம்பரத்துக்கு எடுத்து வரக் கூடாது.

இந்த மண்ணுக்கு ஏற்றவை நாவல், புங்கம், பூவரசு, நீர்மருது. ஒன்றரை முதல் இரண்டு அடி உயரத்துக்கு, ஆறடி அகலமாக மண்மேடு போட்டு அதன் மேல் நட வேண்டும். மழைக்காலத்தில் நடுவதைவிட, தண்ணீர் வடிந்த பிறகு தை மாதத்தில் நடுவது நல்லது. மரத்துக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தையும் செம்மண்ணில் விடுவதைவிட அதிகமாக விட வேண்டும்.

கிழக்கே பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் பக்கம் போகப் போக உப்பு ஏறும். அங்கே புன்னையும் பூவரசும்தான் முதல் தேர்வு. புன்னை மெதுவாக வளரும். ஆனால் உப்புக் காற்றுக்கும் புயலுக்கும் ஈடுகொடுத்துக் கடற்கரையிலேயே நிற்கிற மரம். விதையின் ஓட்டை லேசாக உடைத்துவிட்டு ஊன்றினால் சீக்கிரம் முளைக்கும்.

“தில்லை மரம்னு சொல்றாங்களே, அதை வைக்கலாமா?” என்று மகள் கேட்டார். ஊருக்கே பெயர் கொடுத்த மரம் ஆயிற்றே என்ற ஆசை. தில்லை அலையாத்திக் காட்டு மரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சுமார் 1,100 ஹெக்டேரில் பரந்திருக்கும் பிச்சாவரம் காட்டில் அதை இன்றும் பார்க்கலாம். உப்புச் சேற்றில் நிற்பதற்கென்றே அமைந்த அந்த மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து. பிள்ளைகள் விளையாடும் வாசலுக்கு அது ஆகாது. தல மரம் என்பது அந்த இடத்து மண்ணுக்கு எது பொருந்தியது என்று முன்னோர் விட்டுப்போன குறிப்பு. விருத்தாசலத்து மேட்டுக்கு வன்னி, சிதம்பரத்துக் கழிமுகத்துக்குத் தில்லை.

கடலூரில் விழுந்தவையும் நின்றவையும்

ஞாயிறு காலை கடலூர் சாலை. கடற்கரை ஓரமாகச் சவுக்கு. சவுக்கு நெருக்கமான வரிசையாக நின்று வயலுக்கும் குடியிருப்புக்கும் காற்றைத் தடுக்கும். மூன்று நான்கு வருஷத்தில் வெட்டிக் காசாக்கும் பயிர் அது. வீட்டுச் சுவரை ஒட்டி ஒற்றை மரமாக விட்டு முற்ற விடுவது சரியல்ல.

வழியில் நகரத்துச் சாலையோரம் நிற்கும் குல்மோகரையும் தூங்குமூஞ்சியையும் அம்மா பார்த்துக்கொண்டே வந்தார். பூவும் நிழலும் அள்ளித் தரும் மரங்கள்தான். ஆனால் 2016 டிசம்பர் 12-இல் ‘வர்தா’ சென்னையைக் கடந்தபோது விழுந்ததில் பெரும்பங்கு இப்படிப்பட்ட, சீக்கிரம் வளரும் வெளிநாட்டு மரங்களே. அகன்ற தலை, மென்மையான கட்டை, மேலோட்டமான வேர். வாகையும் முருங்கையும்கூட கிளை முறியும் வகைதான். முருங்கையை ஆண்டுதோறும் கவாத்து செய்து குட்டையாக வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

2018 நவம்பர் 16-இல் ‘கஜா’ டெல்டாவில் தென்னந்தோப்புகளைப் படுக்க வைத்தபோது, பக்கத்திலேயே பனை நின்றுகொண்டிருந்ததை அந்தப் பக்கத்து விவசாயிகள் இன்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டின் மாநில மரம் அது. தோட்டத்தின் ஓரத்தில் பத்தடிக்கு ஒன்றாகப் பனங்கொட்டை ஊன்றினால் தண்ணீர் ஊற்றக்கூடத் தேவையில்லை. பலனுக்குப் பத்துப் பதினைந்து வருஷம் காத்திருக்க வேண்டும் என்பதுதான் விலை.

திருப்பாதிரிப்புலியூரைக் கடந்தபோது அம்மா பாடலீஸ்வரர் கோயிலுக்கு ஒரு கும்பிடு போட்டார். பாதிரி மரத்தால் பெயர் பெற்ற ஊர் அது. பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தை நெருங்கியபோது மகன் சொன்னார்: “பாலூர்-1 பலா இங்கேருந்து வந்ததுதாம்மா.” அம்மா பதில் சொல்லவில்லை. வண்டியில் பலாவைப் பற்றிய பேச்சு அத்தோடு நின்றுவிட்டது.

மரம் அறுத்தவர் சொன்னது

மாலையில் வீடு வந்து கன்றுகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, மரம் அறுக்கும் தொழில் செய்யும் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் வந்து நின்றார். தானேக்குப் பிறகு மாதக்கணக்காக விழுந்த மரங்களை அறுத்தவர். இந்த வீட்டுப் பலாவையும் அவர்தான் அறுத்தார்.

“விழுந்த மரத்தோட கிளையைப் பாக்கக் கூடாது மாப்ள, வேரைப் பாக்கணும். அன்னிக்கு நான் அறுத்ததுல பாதிக்கு மேல வேர் சுருண்டு கெடந்துச்சு. இல்லேன்னா ஒரு பக்கத்து வேரே இருக்காது. யாராவது பள்ளம் தோண்டி வெட்டியிருப்பாங்க.”

“நம்ம பலா?”

பெரியவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “மேக்கால வேரே இல்லியேக்கா. கக்கூஸ் தொட்டிக்குப் பள்ளம் எடுத்தப்ப அறுத்துட்டாங்க போலருக்கு. வெட்டுன வாய் தெரிஞ்சுது. மேலக்காத்து அடிச்சப்ப புடிச்சு இழுக்க அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல. கெழக்கால கொட்டாய் மேல வந்துடுச்சு.”

புயலுக்கு இரண்டு வருஷம் முன்னால் வீட்டுக்கும் பலாவுக்கும் நடுவே அந்தத் தொட்டி கட்டப்பட்டது. வீட்டை ஒட்டி வேண்டும் என்று இடம் காட்டியதே அம்மாதான். இத்தனை வருஷமும் மரத்தைத் திட்டிக்கொண்டிருந்தவர், கொல்லைப்புறத்துக்குப் போய்த் தொட்டி மூடியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். “அப்ப அது தானா விழல” என்று மட்டும் சொன்னார்.

ஒரு மரத்தைக் காற்றடிக்கும் பக்கத்தில் பிடித்து நிறுத்துவது அந்தப் பக்கத்து வேர். கிளை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறதோ, குறைந்தது அந்த வட்டத்துக்குள் கடைக்கால், தொட்டி, குழாய்ப் பள்ளம் எதற்கும் தோண்டக் கூடாது. அடிமரத்தைச் சுற்றி சிமென்ட் தளம் போட்டு இறுக்கவும் கூடாது. இனிமேல் குளியலறை கட்டவோ, போர்வெல் போடவோ எண்ணம் இருந்தால், அதற்கான இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு மிச்ச இடத்தில் மரத்துக்குக் குறி போட வேண்டும்.

20 சென்டில் போட்ட திட்டம்

அன்று இரவு மகன் ஒரு நோட்டில் மனையை வரைந்தார். வீட்டைச் சுற்றி நான்கு பக்கமும் ஏறக்குறைய 30 அடி இடம் இருக்கிறது.

மேற்கு எல்லையில் முதல் வரிசை நொச்சியும் ஆடாதொடையும். இரண்டையும் ஆடு தின்னாது, தண்ணீர் அதிகம் கேட்காது. அதற்கு உள்ளே, சுவரிலிருந்து 20 அடி தள்ளி, 15 அடி இடைவெளியில் புங்கம். புங்கம் பங்குனி வாக்கில் இலை உதிர்த்து உடனே தளிர் விடுவதால் அக்கினி நட்சத்திரத்தில் முழு நிழல் கிடைக்கும். வடமேற்கு மூலையில் வேம்பு, தென்மேற்கு மூலையில் வன்னி. குட்டைச் செடி, நடுத்தர மரம், உயர மரம் என்று படிப்படியாக ஏறும் இந்த வேலி காற்றை முழுக்க மறிக்காது, வடிகட்டும். முழுச் சுவர் கட்டி மறித்தால் காற்று மேலே ஏறிச் சுவரின் பின்பக்கத்தில் சுழன்று இறங்கும். பாதிக் காற்றை உள்ளே விடும் மர வரிசைக்குப் பின்னால், மரத்தின் உயரத்தைப் போல் சுமார் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் நன்றாகக் குறையும்.

கிழக்கு ஓரத்தில் பனை வரிசை. பக்கத்தில் ஒரு விளா. வீட்டை ஒட்டிக் கறிவேப்பிலை, எலுமிச்சை, மாதுளை தவிர வேறு எதுவும் இல்லை. இன்னும் நிறைய இடம் உள்ளவர்கள் சுவரிலிருந்து 30 அடிக்கு மேல் தள்ளி ஓர் இலுப்பை வைக்கலாம், பேரன் காலத்துக்கும் நிற்கும்.

குழி இரண்டடி ஆழம், இரண்டடி அகலம் போதும். செம்மண் மேட்டில் அடியில் செம்புறாங்கல் படிவு தட்டுப்பட்டால், குழியின் நடுவில் கடப்பாரையால் குத்தி அதை உடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆணிவேர் அதில் முட்டிப் பக்கவாட்டில் திரும்பிவிடும். மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்பி, தண்டும் வேரும் சேரும் இடம் தரை மட்டத்தில் இருக்கும்படி நட வேண்டும். புரட்டாசி முதல் மழைக்குள் நட்டுவிட்டால் ஐப்பசி மழையில் வேர் பிடித்துவிடும்.

தண்ணீர் விடும் முறைதான் வேர் எங்கே போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. தினமும் ஒரு குடம் தெளித்தால் ஈரம் மேலேயே நிற்கும், வேரும் மேலேயே நிற்கும். அப்படி வளர்ந்த மரம் ஒரு கோடையில் கவனிக்காமல் விட்டால் காயும், ஒரு புயலில் சாயும். முதல் கோடையில் வாரத்துக்கு ஒரு முறை 15 முதல் 20 லிட்டர் நிதானமாக ஊற வேண்டும். அடியில் துளையிட்டுத் திரி செருகிய மண்பானையைக் கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் புதைத்து நிரப்பி வைத்தாலும் நல்லது. இரண்டாவது கோடையில் 15 நாளுக்கு ஒரு முறை. மூன்றாவது வருஷத்தில் மரம் தானே தேடிக்கொள்ளும். அடியில் வைக்கோல், சருகு மூடாக்கு எப்போதும் இருக்கட்டும், தண்டைத் தொடாமல்.

முட்டுக்கழி கட்டினால் தளர்வாகக் கட்டி ஒரு வருஷத்தில் அவிழ்த்துவிட வேண்டும். காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் தண்டும் வேரும் தடிக்கும். தண்டு சரிசமமாக இரண்டாகப் பிரிந்து குறுகிய கவையாக வந்தால் சிறுவயதிலேயே ஒன்றை நீக்க வேண்டும். புயலில் முதலில் பிளப்பது அந்தக் கவைதான். வளர்ந்த மரத்தில் ஆண்டுதோறும் ஆவணிக்குள் காய்ந்த கிளை, உரசும் கிளைகளை எடுத்துக் காற்றுப் புக வழி செய்யலாம். தலையை மொட்டை அடிக்கக் கூடாது. மொட்டை அடித்த இடத்தில் கொத்தாக வரும் புதுக் கிளைகளுக்குப் பிடிப்பு இருக்காது.

வடகிழக்கு மூலை

நோட்டில் வடகிழக்கு மூலை மட்டும் காலியாக இருந்தது. வீட்டிலிருந்தும் புதுக் கொட்டகை வரப்போகும் இடத்திலிருந்தும் நாற்பது அடிக்கு மேல் தள்ளிய மூலை அது.

மறுநாள் காலையில் அம்மா ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்தார். சீசன் முடிகிற நேரத்துப் பலா ஒன்றைப் பக்கத்து வீட்டில் வாங்கி, பிள்ளைகளுக்குச் சுளையைக் கொடுத்துவிட்டுக் கொட்டையைக் கழுவி வைத்திருந்தார். பலாக் கொட்டை காய்ந்தால் முளைக்காது, எடுத்த சில நாளிலேயே ஊன்றிவிட வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே குழியில் மூன்று கொட்டை, முளைத்த பிறகு வலுவானது ஒன்றை விட்டு மற்றதை வெட்டிவிடுவது என்று பேச்சு.

மகன் கடப்பாரையோடு குழி தோண்டினார். அம்மா கொட்டையைப் படுக்கை வசமாக வைத்து மண்ணைத் தள்ளினார்.

“குளியலறைக்குப் பள்ளம் எந்தப் பக்கம்டா எடுக்கப் போற?”

“தெற்காலம்மா. கொத்தனார்கிட்ட நேத்தே சொல்லிட்டேன்.”

“இந்தப் பக்கம் யாரும் தோண்டக் கூடாதுன்னு அந்த நோட்டுல எழுதி வை. நான் இல்லேன்னாலும் பிள்ளைங்க பாக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, குடத்திலிருந்த தண்ணீரை அவசரமில்லாமல் குழியில் ஊற்றினார். மண் அதைக் குடித்து முடிக்கும் வரை அங்கேயே நின்றார்.